ஓடும்போதே நின்றுபோகும் பழைய கார்: நின்ற விதத்தை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

பழைய வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆஃப் ஆனால் பெரும்பாலும் நடப்பது இதுதான். ஓரமாகத் தள்ளி நிறுத்தி பானெட்டைத் திறப்பதற்குள் மறுபடி ஸ்டார்ட் ஆகிவிடும். ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டால் அங்கே நாள் முழுக்க ஒழுங்காக ஓடும். அப்புறம் ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். பிளக்கை மாற்று, பம்பை மாற்று, காயிலை மாற்று. எல்லாவற்றையும் மாற்றி முடித்த பிறகும் வண்டி அதே மாதிரி நிற்கும்.

இந்தக் கோளாறு வெளியே தெரிவது வண்டி நிற்கும் அந்தச் சில நொடிகளில் மட்டும்தான். அப்போது என்ன நடந்தது என்று பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதைப் பிடிக்காமல் பாகம் மாற்றுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. பணம் போவது ஒரு பக்கம். நன்றாக இருந்த பழைய பாகத்தைக் கழற்றிவிட்டு சுமாரான புதுப் பாகத்தை மாட்டி, ஒரு கோளாறை இரண்டாக்கிவிடுகிறோம்.

இங்கே சொல்வது பெரும்பாலும் பெட்ரோல் கார்களுக்குப் பொருந்தும். கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) வண்டிகள், அதற்கு அடுத்து வந்த ஆரம்பகால ஃபியூல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள். டீசலும் பைக்கும் பின்னால் கொஞ்சம் வருகின்றன.

நின்றதும் முதல் ஒரு நிமிடம்

எஞ்சின் நின்றால் பவர் ஸ்டியரிங் கனத்துவிடும், ஆனாலும் திருப்ப முடியும். பிரேக்கும் உடனே போய்விடாது. பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவத்தில் (வெற்றிடத்தில்) ஓரிரு முறைதான் லேசாக மிதிபடும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே மிதியாக அழுத்திப் பிடித்து ஓரம் கட்டுங்கள். வேக்குவம் தீர்ந்த பிறகும் பிரேக் பிடிக்கும், முழுக் காலையும் ஊன்றி மிதிக்க வேண்டியிருக்கும். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது சாவியை அணைக்கும் பக்கமாகக் கடைசி வரை திருப்பவே கூடாது. ஸ்டியரிங் லாக் ஆகிவிடும்.

திரும்ப ஸ்டார்ட் செய்வதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். பெட்ரோல் வாடை கடுமையாக அடித்தால் செல்ஃப் அடிக்காதீர்கள், கசிவு எங்கே என்று தேடுங்கள். டெம்பரேச்சர் முள் சிவப்பில் இருந்தால் எஞ்சின் நன்றாக ஆறும் வரை காத்திருங்கள். நிற்பதற்கு முன்பே ஆயில் விளக்கு எரிந்திருந்தால் முதலில் ஆயில் அளவு.

செல்ஃப் அடிக்கும்போது சத்தத்தையும் கேளுங்கள். எப்போதும் வரும் ஏற்ற இறக்கம் இல்லாமல், எடையே இல்லாதது போல ‘விர்ர்’ என்று ஒரே சீராக வேகமாகச் சுற்றினால் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். பல எஞ்சின்களில் பெல்ட் போனபின் சுற்றச் சுற்ற வால்வு பிஸ்டனில் இடித்து வளையும்.

டேஷ்போர்டு சொல்லும் சாட்சி

வண்டி கியரில் ஓடும்போது எஞ்சின் அணைந்தால், கிளட்ச் மிதிக்கும் வரை சக்கரமே எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஆர்பிஎம் முள் என்ன செய்கிறது என்று பாருங்கள். பழைய வண்டிகளில் அந்த மீட்டருக்கு சிக்னல் வருவது பெரும்பாலும் பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் இக்னிஷன் காயிலிலிருந்துதான். எஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால் பொறி போடும் பக்கம்தான் போயிருக்கிறது. காயிலுக்கு வரும் மின்சாரம், பாயின்ட் (காயிலின் கரன்ட்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் தொடர்பு), மாட்யூல் (அதே வேலையைச் செய்யும் எலக்ட்ரானிக் பாகம்), கிராங்க் சென்சார் (எஞ்சின் சுற்றுவதை உணர்ந்து சிக்னல் தருவது) என்று அந்த வரிசையில் ஏதோ ஒன்று. முள் வண்டியின் வேகத்தோடு சேர்ந்து மெதுவாக இறங்கினால் பொறி இருக்கிறது. பெட்ரோல் பக்கம் தேடுங்கள்.

அடுத்தது எச்சரிக்கை விளக்குகள். கிளட்ச் மிதித்து எஞ்சின் முழுக்க நின்ற பிறகு, சாவி ஆனில் இருக்கிறது என்றால், ஆயில் விளக்கும் பேட்டரி விளக்கும் எரிந்தாக வேண்டும். எரியவில்லை என்றால் இக்னிஷன் சுவிட்ச், மெயின் ஃபியூஸ், பேட்டரி டெர்மினல் என்று மூலத்திலேயே கரன்ட் போயிருக்கிறது. கார்பரேட்டரைத் தொடவே வேண்டாம்.

இவற்றோடு நான்கு கேள்விகளுக்கு ஒரு தாளில் பதில் எழுதி வையுங்கள். எஞ்சின் சூடாக இருந்ததா, டேங்கில் பெட்ரோல் எவ்வளவு, கால் ஆக்சிலரேட்டரில் இருந்ததா இல்லையா, எவ்வளவு நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆனது. நல்ல மெக்கானிக் முதலில் கேட்பதும் இவற்றைத்தான்.

அறிகுறி: சுவிட்சை அணைத்த மாதிரி சட்டென்று நிற்கிறது

முன்னறிவிப்பே இருக்காது. இடிக்காது, இழுவை குறையாது. ஓடும், அடுத்த நொடி ஓடாது. இது மின்சாரக் கோளாறு என்று எடுத்துக்கொண்டே தொடங்கலாம்.

பேட்டரியிலிருந்து ஆரம்பியுங்கள். டெர்மினலைக் கையால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். அசைந்தால் அதுவே காரணமாக இருக்கலாம். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் கழற்றித் தேய்த்து இறுக்குங்கள். பிறகு எர்த் வயர். பேட்டரியிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து எஞ்சினுக்கும் போகும் பட்டை வயர்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறியிருக்கும். கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை.

இக்னிஷன் சுவிட்சைச் சோதிப்பது சுலபம். எஞ்சின் ஓடும்போது, வண்டி நின்ற நிலையில், சாவியைத் திருப்பாமல் மேலும் கீழும் பக்கவாட்டிலும் லேசாக ஆட்டுங்கள். எஞ்சின் துடித்தாலோ நின்றாலோ சுவிட்சின் உள் தொடர்பு தேய்ந்துவிட்டது. கனமான சாவிக்கொத்தை வருடக்கணக்கில் தொங்கவிட்ட வண்டிகளில் இது நிறைய நடக்கும்.

பின்னால் பொருத்திய அலாரம், திருட்டுத் தடுப்பு சுவிட்ச், கேஸ் கிட் இருக்கும் வண்டி என்றால் டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்துப் பாருங்கள். தொழிற்சாலையில் போட்ட வயர் முப்பது வருடம் தாங்கும். அதை நடுவில் வெட்டி, முறுக்கி, டேப் சுற்றிய இணைப்பு அப்படித் தாங்காது. இப்படிப்பட்ட வேலை கண்ணில் பட்டால் நான் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பிரிப்பேன்.

பாயின்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டரில் (ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைப் பிரித்து அனுப்பும் பாகம்) பலர் பார்க்காமல் விடும் ஓர் இடம் உண்டு. பாயின்ட்டுக்குப் போகும் குட்டி வயர். பொறி விழும் நேரத்தை முன்னால் தள்ளும் வேக்குவம் அட்வான்ஸ் வேலை செய்யும்போதெல்லாம் உள்ளே இருக்கும் தட்டு சற்றுத் திரும்பும், அந்த வயரும் கூடவே வளையும். வருடங்கள் போனபின் மேலே ரப்பர் உறை முழுசாக இருக்க, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துவிடும். ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது) தட்டு அசையாது, அதனால் வண்டி நன்றாக ஓடும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் தட்டு திரும்பி, அறுந்த முனைகள் விலகி, வண்டி நின்றுவிடும். தட்டு பழைய இடத்துக்கு வந்ததும் முனைகள் ஒட்டிக்கொள்ளும், ஸ்டார்ட் ஆகும். மூடியைத் திறந்து அந்த வயரை இரண்டு விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். ரப்பர் மாதிரி நீண்டால் உள்ளே செம்பு இல்லை. அந்தத் தட்டுக்கு எர்த் கொடுக்கும் இன்னொரு வயரையும் இதே போலப் பாருங்கள். மூடி திறந்திருக்கும்போதே பாயின்ட் இடைவெளியையும் பார்த்துவிடலாம். பெரும்பாலான வண்டிகளில் 0.4 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும்.

அறிகுறி: இடித்து இடித்து, இழுவை குறைந்து, பிறகு நிற்கிறது

பெட்ரோல் போதவில்லை என்பதன் அடையாளம் இது. மேட்டில் ஏறும்போதோ நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதோ ஆரம்பிக்கும், மெதுவாகப் போனால் தெரியாது. பெட்ரோல் வரும் பாதையைத் டேங்கிலிருந்து எஞ்சின் வரை வரிசையாகப் பாருங்கள். நடுவில் குதிக்க வேண்டாம்.

முதலில் டேங்க் மூடி. பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். காற்று வரும் சின்ன வழி அடைத்துவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்பால் இழுக்க முடியாமல் போகும். வண்டி நின்றவுடன் மூடியைத் திறங்கள். ‘புஸ்ஸ்’ என்று காற்றை உறிஞ்சும் சத்தம் வந்து, அதன்பின் வண்டி ஒழுங்காக ஓடினால் கோளாறு அதுதான். செலவே இல்லாத சோதனை என்பதால் எப்போதும் இதையே முதலில் செய்யுங்கள்.

அடுத்து டேங்கின் உள்ளே. பழைய இரும்பு டேங்கில் துரு பொருக்கு பொருக்காக உதிர்ந்து அடியில் கிடக்கும். எஞ்சின் ஓடும்போது உறிஞ்சு குழாயின் வலையில் அந்தத் துரு போய் அப்பிக்கொள்ளும். மெல்ல மெல்ல வலை மூடும், வண்டி இடிக்கும், நிற்கும். நின்றதும் உறிஞ்சுவதும் நின்றுவிடுகிறது. ஐந்து, பத்து நிமிடத்தில் துரு உதிர்ந்து மறுபடி அடியில் படிந்துவிடும். வண்டி ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும், இன்னும் சில கிலோமீட்டர் போகும், மறுபடி நிற்கும். சிறிது நேரம் நின்றால் சரியாகிறதே என்று பலர் இதைச் சூட்டுக் கோளாறாக நினைத்துக் காயிலை மாற்றுகிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு: சூட்டுக் கோளாறு சட்டென்று அணைக்கும், துரு இடித்துத்தான் அணைக்கும். டார்ச் அடித்து டேங்கின் உள்ளே பார்க்க முடிந்தால் பாருங்கள். டேங்குக்கு அடியில் கையை விட்டு வடிகால் போல்ட்டைக் கழற்ற முடிகிற வண்டி என்றால், கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து அசையாமல் வையுங்கள். செம்மண் நிறப் படிவு இறங்கினால் துரு. அடியில் தனியாகக் குமிழ் குமிழாகத் திரண்டு நின்றால் தண்ணீர்.

வழியில் மாட்டிய ஃபில்டரை அதன் வயது தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். சந்தேகத்தின் பேரில் மாற்றலாம் என்று நான் சொல்லும் ஒரே பாகம் அதுதான். கழற்றிய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல், உள்ளே வந்த வழியாகவே பெட்ரோலைத் திருப்பி வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். டேங்கின் நிலைமை அதில் தெரிந்துவிடும்.

ரப்பர் ஹோஸைக் கவனமாகப் பாருங்கள். பம்புக்கு முன்னால் இருக்கும் ஹோஸில் வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். கீழே ஈரமே இருக்காது, ஆனால் பம்ப் பாதி காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊற வைத்து உள்சுவரைக் கூழாக்கிவிடுவதும் உண்டு. வெளியே கருப்பாக, நன்றாக இருக்கும். உள்ளே வீங்கிக் குறுகியிருக்கும்.

பம்ப். கார்பரேட்டர் வண்டியின் இயந்திர பம்ப் தருவது மிகக் குறைந்த அழுத்தம், பெரும்பாலும் 0.2 முதல் 0.4 பார் வரைதான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள மல்டிபாயின்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியில் 2.5 முதல் 3.5 பார் வரை வேண்டும். கேஜ் மாட்டிப் பார்க்கும்போது ஐடிலில் சரியாக இருக்கிறதே என்று நிறுத்திவிடாதீர்கள். தேய்ந்த பம்ப் ஐடிலுக்குப் போதுமான பெட்ரோலைத் தரும், மேட்டில் ஏறும்போது கைவிடும். ரேஸ் செய்யும்போதும் முள் நிலையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் லைனைக் கழற்றும் முன் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் பீய்ச்சினால் தீப்பிடிக்கும்.

சாலையோரத்தில் கருவி எதுவும் இல்லாமல் பார்க்க வேண்டுமானால், கார்பரேட்டர் வண்டியில் எஞ்சினை நிறுத்தி, ஏர் ஃபில்டரைக் கழற்றி, மேலிருந்து வாய்க்குள் பார்த்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் லீவரைக் கையால் இழுங்கள். பெட்ரோல் கம்பி மாதிரி பீய்ச்சினால் கார்பரேட்டரில் பெட்ரோல் சேர்ந்து நிற்கும் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. வறண்டிருந்தால் இதுவரை சொன்ன பாதையில்தான் கோளாறு. இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியை ஆனில் வைத்ததும் பின்பக்கத்திலிருந்து இரண்டு மூன்று நொடி பம்ப் முனகும் சத்தம் கேட்க வேண்டும். சில வண்டிகளில், மோதினால் பம்பை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்ச் இருக்கும். பெரிய பள்ளத்தில் இறங்கினால்கூட அது தட்டிவிடும். அதன் மேல் இருக்கும் பட்டனை அழுத்தினால் போதும்.

அதிக வேகத்தில் மட்டும் மூச்சு முட்டி, பெட்ரோல் அழுத்தமும் சரியாக இருந்தால், சைலன்சரில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உடைந்து அடைத்திருக்கலாம். புகை வெளியேறாவிட்டால் புதுக் காற்றும் உள்ளே வராது.

அறிகுறி: சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது

இதில் மூன்று பேர் மேல்தான் முதல் சந்தேகம்: காயில், மாட்யூல், கிராங்க் சென்சார். மூன்றுக்குள்ளும் மெல்லிய கம்பிச் சுற்றோ சாலிடர் இணைப்போ இருக்கிறது. சூட்டில் விரியும்போது வெடிப்பு விலகும், ஆறும்போது சேரும். பாயின்ட் வண்டியில் கண்டென்சரும் இதே போல நடந்துகொள்ளும்.

ஆறிய பிறகு அளந்து பயனில்லை. எல்லாம் சரியாகவே காட்டும். நின்ற உடனே, எஞ்சின் சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கை வண்டியிலேயே வைத்திருங்கள். ஒரு பிளக் வயரைக் கழற்றி அதில் மாட்டி, பிளக்கின் உலோக உடம்பை எஞ்சினில் நன்றாகப் படும்படி வைத்து, செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பெட்ரோல் கசிவு இருக்கக் கூடாது, வயரை வெறுங்கையால் பிடிக்கவும் கூடாது. நீலமாக, ‘டப் டப்’ என்று சத்தத்தோடு பொறி வந்தால் இக்னிஷன் நன்றாக இருக்கிறது. மஞ்சளாக, மெலிதாக வந்தால் காயில் பலவீனம். வரவே இல்லையென்றால் கையோடு காயிலை அளந்துவிடுங்கள். பாயின்ட் வண்டியில், தனி ரெசிஸ்டர் இல்லாத காயிலின் முதன்மைச் சுற்று சுமார் 3 ஓம், ரெசிஸ்டரோடு ஓடும் காயில் என்றால் சுமார் 1.5 ஓம். சூட்டில் அளவு எங்கோ ஏறிப்போனால் காயில்தான்.

கிராங்க் சென்சாருக்கும் மாட்யூலுக்கும் நேரடியான வழி குளிர வைப்பது. வண்டி நின்று, பொறியும் இல்லையென்றால், தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைச் சந்தேகப்படும் பாகத்தின் உடல் மேல் மட்டும் ஒரு நிமிடம் சுற்றி வையுங்கள். கனெக்டரில் தண்ணீர் படக் கூடாது. வழக்கமாக அரைமணி நேரம் அடம்பிடிக்கும் வண்டி உடனே ஸ்டார்ட் ஆனால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

ஓபிடி சாக்கெட் (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறுக் கோட்களைப் படிக்கும் இணைப்பு) உள்ள வண்டி என்றால் ஸ்கேனர் மாட்டிப் பார்க்கலாம். ஓபிடி 2 அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் கட்டாயமானது. பி0335 (P0335) என்ற கோட் வந்தால் கிராங்க் சென்சார் சுற்றைக் குறிக்கிறது. ஆனால் கோட் வரவில்லை என்பதால் சென்சார் நல்லது என்று விட்டுவிடாதீர்கள். சிக்னல் வராதபோது எஞ்சின் நின்றுவிட்டதாகவே கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளலாம். அப்படியானால் கோட் பதியாது.

வெயிலில் நிறுத்தி வைத்த வண்டி, உள்ளே அனலாக இருக்கும்போது மட்டும் தகராறு செய்தால் டேஷ்போர்டுக்கு அடியில் இருக்கும், கரன்ட்டைத் திறந்து மூடும் மெயின் ரிலேயைக் கழற்றிப் பாருங்கள். மூடியைத் திறந்து, சர்க்யூட் பலகையின் அடிப்பக்கத்தை பூதக்கண்ணாடியால் பார்த்தால், தடித்த கால்களைச் சுற்றி சாலிடரில் முடி அளவு வளையக் கோடு தெரியும். அதுதான் வெடிப்பு. மறுபடி சாலிடர் வைத்தால் ஓடும்.

கார்பரேட்டர் வண்டியில் இன்னொரு சூட்டுப் பிரச்சினை, லைனிலேயே பெட்ரோல் ஆவியாகிவிடுவது. பெட்ரோலின் லேசான கூறுகள் 40 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதிக்கத் தொடங்கும். நெரிசலில் ஊர்ந்துவிட்டு நிற்கும்போது எஞ்சின் பக்கத்தில் அந்தச் சூடு தாராளமாகக் கிடைக்கும். இயந்திர பம்ப் உறிஞ்சும்போது லைனில் அழுத்தம் குறைவதால் ஆவியாவது இன்னும் சுலபம். பம்ப் மேலும் லைன் மேலும் ஈரத்துணி போட்டதும் சரியானால் காரணம் தெரிந்துவிட்டது. லைன் எக்ஸாஸ்ட் குழாயை உரசிக்கொண்டு போகிறதா, தொழிற்சாலையில் வைத்த வெப்பத் தகடு யாராவது கழற்றிப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அறிகுறி: காலை எடுத்தால், சிக்னலில் நின்றால் அணைகிறது

ஓடும்போது பிரச்சினை இல்லை, ஐடில்தான் நிற்கவில்லை. முதலில் ஐடில் அளவு சரியா என்று பாருங்கள். பெரும்பாலான கார்களுக்கு 700 முதல் 900 ஆர்பிஎம். ஸ்குருவைத் திருகி ஐடிலை ஏற்றி வைப்பது தற்காலிகமாக உதவும், காரணத்தை மறைத்தும் விடும். அதனால் கடைசியில் செய்யுங்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியும் ஐடில் ஏர் வால்வும் கரி படிந்து அடைத்திருப்பதே அதிகம். கழற்றிச் சுத்தம் செய்தால் பாதி வண்டிகள் சரியாகிவிடும். கார்பரேட்டரில் ஐடில் ஜெட்டை அடைக்கும் சின்ன மின்சார வால்வு ஒன்று இருக்கும். அதன் வயரைப் பிடுங்கி மாட்டினால் ‘டிக்’ என்று கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் வயரோ வால்வோ போயிருக்கிறது. புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி விடும் இஜிஆர் வால்வு திறந்தபடி சிக்கினாலும் ஐடில் நிற்காது, வேகத்தில் நன்றாக ஓடும்.

அடுத்தது ஏர் லீக். எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு வேக்குவம் குழாயையும் எஞ்சின் ஓடும்போது ஒவ்வொன்றாக விரலால் நசுக்குங்கள். எதை நசுக்கும்போது ஐடில் சீராகிறதோ அந்தக் குழாயின் மறுமுனையில் லீக். கிளீனர் ஸ்பிரே அடித்துத் தேடுவார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அதைச் செய்ய நான் சொல்லமாட்டேன்.

உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில், அதற்கும் த்ராட்டிலுக்கும் நடுவே இருக்கும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாயை வளைத்து, மடிப்புகளுக்குள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் இழுக்கும்போது சாய்ந்து அந்த வெடிப்பைத் திறக்கும். ரிவர்ஸில் எஞ்சின் எதிர்ப்பக்கம் சாய்வதால் வெடிப்பு மூடிக்கொள்ளும். முன்னால் போகும்போது திணறி, பின்னால் போகும்போது ஒழுங்காக இருந்தால் நேராக அந்தக் குழாய்க்குப் போங்கள்.

ஆட்டோமேட்டிக் வண்டி, ஓடி வந்து நிற்கும்போது மேனுவல் வண்டியில் கிளட்ச் மிதிக்காமல் பிரேக் பிடித்த மாதிரி குலுங்கி நின்றால், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்கப் கிளட்ச் விடவில்லை. அது கியர்பாக்ஸ் வேலை. எஞ்சினில் தேட வேண்டாம்.

அறிகுறி: பிரேக் பிடித்தால், திரும்பினால், பள்ளத்தில் இறங்கினால்

பிரேக் மிதிக்கும்போது நின்றால் இரண்டு வழி. பூஸ்டரின் டயாஃப்ரம் கிழிந்திருந்தால், மிதித்ததும் காற்று மேனிஃபோல்டுக்குள் பாயும். நின்ற வண்டியில் ஐடிலில் விட்டு மிதித்துப் பாருங்கள். பெடல் பக்கம் தொடர்ந்து ‘ஸ்ஸ்’ சத்தமும் எஞ்சின் தடுமாற்றமும் வந்தால் பூஸ்டர்தான். பிரேக் சம்பந்தப்பட்டது என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். நின்ற வண்டியில் ஒன்றும் ஆகாமல், ஓட்டத்தில் அழுத்திப் பிடித்தால் மட்டும் நிற்கிறது என்றால் கார்பரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் கூடுதல், முன்னால் சரிந்து ஜெட் வழியாக வழிகிறது. மிதவையின் அளவையும் ஊசி வால்வையும் பாருங்கள்.

திருப்பத்தில் நின்று, டேங்கும் காலியாகும் நிலையில் இருந்தால், பெட்ரோல் போட்டுவிட்டு மறுபடி சோதியுங்கள். மேடு பள்ளத்தில் நின்றால் தளர்ந்த கனெக்டர். எஞ்சின் ஓடும்போது மரக்கைப்பிடியால் ரிலேக்களையும் கனெக்டர்களையும் ஒவ்வொன்றாக லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். சுற்றும் பெல்ட், ஃபேன் பக்கம் கையும் துணியும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: மழையில், அல்லது ஹெட்லைட் போட்டால்

மழையில் நின்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார், பிளக் வயர். இருட்டில் பானெட்டைத் திறந்து, எஞ்சின் ஓடும்போது வயர்கள் மேல் பன்னீர் தெளிக்கிற அளவுக்குத் தண்ணீரைத் தூவினால், லீக் இருக்கும் இடத்தில் நீலப் பொறி ஓடுவது தெரியும். மூடியின் உள்பக்கம் பென்சிலால் கிழித்த மாதிரி மெல்லிய கருங்கோடு இருந்தால் அது வெடிப்பு. துடைத்தால் போகாது, மூடியை மாற்ற வேண்டும்.

விளக்கு மங்கி, வைப்பர் மெதுவாகி, பிறகு வண்டி நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. முழு சார்ஜில் உள்ள பேட்டரி, வண்டி ஓடாதபோது 12.6 வோல்ட். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12 வோல்ட் பக்கமே நின்றால் பேட்டரியைத் தின்றுதான் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. புது பேட்டரி வாங்குவதற்கு முன் பெல்ட், ஆல்டர்னேட்டர் பின்பக்க வயர், பிரஷ்.

டீசலும் பைக்கும்

பழைய டீசலுக்குப் பொறி கிடையாது, அதனால் கேள்வி டீசல் வருகிறதா என்பதுதான். சட்டென்று அணைந்தால் பம்பின் மேல் இருக்கும் ஸ்டாப் சோலனாய்டுக்கு (டீசலைத் திறந்து மூடும் மின்சார வால்வு) 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். தடுமாறி அணைந்தால் ஃபில்டர் அடைப்பு, தண்ணீர், அல்லது லைனில் காற்று. பம்புக்கு முன்னால் கொஞ்சம் ஒளிபுகும் ஹோஸை மாட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். காமன் ரெயில் வண்டியில் அழுத்த லைனை எஞ்சின் ஓடும்போது தளர்த்தக் கூடாது. ஆயிரம் பாருக்கும் மேல் ஏறும் அழுத்தம் அது, தோலைத் துளைத்துவிடும்.

பைக்கில் டேங்க் மூடித் துளை, கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச், பெட்ரோல் டேப். இந்த நான்கையும் பார்த்துவிட்டுக் கார்பரேட்டருக்குப் போங்கள்.

எப்போதாவது மட்டும் நிற்கும் வண்டிக்கு

மாதத்தில் ஓரிரு முறை நிற்கும் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் பிடிக்க முடியாது. ஓட்டும்போதே பிடிக்க வேண்டும். இரண்டு சின்ன 12 வோல்ட் விளக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை பெட்ரோல் பம்புக்குப் போகும் கரன்ட் வயரிலும், மற்றொன்றை காயிலின் பாசிட்டிவிலும் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் சின்ன ஃபியூஸ் போட்டு, டேஷ்போர்டின் மேல் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள். கார்பரேட்டரும் இயந்திர பம்பும் உள்ள வண்டிக்கு ஒரு விளக்கே போதும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து விளக்கைக் கவனித்தால் இன்னும் நல்லது, ஓட்டுபவர் கண் சாலையில் இருக்க வேண்டும்.

அடுத்த முறை நிற்கும்போது இரண்டும் அணைந்தால் இக்னிஷன் சுவிட்ச் அல்லது மெயின் ரிலே. பம்ப் விளக்கு மட்டும் அணைந்தால் பம்ப் ரிலேயும் அதன் வயரும். சில வண்டிகளில் கிராங்க் சிக்னல் போனால் கம்ப்யூட்டரே பம்ப் ரிலேயை விட்டுவிடும் என்பதால், அப்போது பொறி இருக்கிறதா என்றும் பாருங்கள். காயில் விளக்கு மட்டும் அணைந்தால் சுவிட்சிலிருந்து காயிலுக்கு வரும் வயர். இரண்டும் எரிந்துகொண்டே வண்டி நின்றால் கரன்ட் வருகிறது, காயிலோ மாட்யூலோ சென்சாரோ பம்போ வேலை செய்யவில்லை. அங்கிருந்து ஆர்பிஎம் முள் வழி சொல்லும்.

கண்டுபிடித்துச் சரி செய்த பிறகு வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். முன்பு நின்ற அதே நிலையில் ஓட்டுங்கள். சூட்டில் நின்றதென்றால் நல்ல வெயிலில் நெரிசலில், மேட்டில் நின்றதென்றால் அதே மேட்டில் அதே ஆள் பாரத்தோடு. டேஷ்போர்டில் ஒட்டிய விளக்குகளையும் கழற்றாமல் இன்னும் சில வாரம் அப்படியே விட்டு வையுங்கள்.